மருமகளாவா, வேலைக்கா?

எங்க போறீகன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? கடைசி ஸ்டாப் எதுன்னு கண்டக்டர்கிட்ட கேட்டேன். விளாத்திகுளம்னாரு. அதுக்கு ஒரு டிக்கெட் குடுங்கன்னு வாங்கிக்கிட்டேன். அங்கன எனக்குச் சொந்தமும் இல்ல, சோலியும் இல்ல. எறங்கி ஒரு காப்பி குடிச்சிட்டு, இதே வண்டி திரும்பையில ஏறி கோவில்பட்டிக்கு வந்துருவேன். சாயங்காலம் வரைக்கும் வீட்டுப் பக்கம் தலை காட்டக் கூடாதுன்னு உத்தரவு. யாரு உத்தரவா? எம் மகன் உத்தரவு. அவனும் அவனைப் பாத்துக்கிட வந்தவளும் சேந்து போட்டது.

சிரிச்சுக்கோங்க தாயி, தப்பா நெனைக்க மாட்டேன். எனக்குத்தான் சிரிப்பும் வரல, அழுகையும் வரல. கொஞ்ச நாளாவே அப்படித்தான். சம்மணம் போட்டு உக்காந்து கால் மரத்துப்போச்சுன்னா, கிள்ளிப் பாத்தா கிள்ளுறது தெரியும், வலிக்காதுல்லா. அப்படி இருக்கு.

எம் பேரு வேலுத்தாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு மாவு மில்லு இருக்கு பாத்திருக்கீகளா, அது எங்களுதுதான். எங்க வீட்டுக்காரக இருக்கையில நாங்களே ஓட்டுனோம். அவுக போன பெறவு அய்யாத்துரைன்னு ஒருத்தருக்கு வாடகைக்கு விட்டாச்சு. கீழ மில்லு, மேல வீடு. வீட்டுல நானும் எம் மகன் நாதனும். பூவநாதன்னு சாமி பேரு வச்சோம்.

நாதனுக்குப் பிறவியிலயே கை கால் வராது. பிரசவத்துல மூச்சு முட்டிருச்சுன்னு சொன்னாக. கழுத்து நிக்கும், ஆனா ஆடும். வலது கையில ஒரு வெரல் மட்டும் அவன் சொன்னபடி கேக்கும். நான் போனைக் கைக்கடியில வச்சுக் குடுத்தா, அதை வச்சு செய்தி பாப்பான், பாட்டு மாத்துவான். எழுத்துத் தட்டுற அளவுக்கு அதுவும் நிக்காது. ஆனா மூளையில ஒரு கொறையும் கெடையாது, அதை மட்டும் நெனச்சிராதீக. பேச்சுதான் இழுக்கும். ஒரு வார்த்தை வெளிய வாறதுக்குள்ள நான் ஒரு படி அரிசி களைஞ்சிருவேன். அவன் பேசுறது ஊருல ஒருத்தருக்கும் வெளங்காது. எனக்கு மட்டும்தான் வெளங்கும். பெத்தவளுக்குத்தான வெளங்கும்?

முப்பது வயசு தாண்டியாச்சு. கொஞ்ச நாளைக்கு முந்தி வரைக்கும் ஒரு ஆள் தொட விட்டதில்ல. குளிப்பாட்டுறது நான், சோறு பெசஞ்சு ஊட்டுறது நான், சவரம் பண்ணி விடுறதும் நான்தான். அவுக அப்பா இருக்கையிலயே நான்தான். ஆம்பளைக்குப் பொறுமை பத்தாது, கன்னத்துல கீறி விட்டுருவாக. நாதன் மீசை வைக்கணும்னு கேட்டான். ரொம்ப வருசமாக் கேட்டான். மீசை வச்சா சாப்பாடு ஒட்டும்யா, தொடைக்கக் கஷ்டம்னு சொல்லி வழிச்சு விட்டுருவேன். பெறவு கேக்குறத விட்டுட்டான். சொன்னாப் புரிஞ்சுக்கிடுற பிள்ளை.

அவனுக்காகப் பேசுறதும் நான்தான். டாக்டர்கிட்டப் போனா, இவன் ஆரம்பிச்சான்னா முடிக்க மாட்டான். வெளிய அத்தனை பேரு டோக்கன் வாங்கிட்டுக் காத்துக்கிட்டு இருப்பாக. டாக்டரு வாட்சைப் பாப்பாரு. நான் உடனே, 'ராத்திரி கால் இழுக்குதாம், தூக்கம் வரலையாம்'னு சொல்லிருவேன். சொந்தக்காரக வந்தா, இவன் என்னமோ நீளமாச் சொல்லுவான். 'நல்லாருக்கீகளான்னு கேக்கான்'னு சொல்லுவேன். மாத்திச் சொல்ல மாட்டேன் தாயி, அது பாவம். சுருக்கிச் சொல்லுவேன். மத்தவக நேரத்தையும் பாக்கணும்லா?

சின்னப் பிள்ளையில அதுக்குக் கோவிப்பான். அப்படியே வெறைச்சுக்கிட்டுக் கத்துவான். வளர வளரப் பேச்சைக் கொறச்சுக்கிட்டான். தண்ணி, வலி, போதும், ஃபேன். அவ்வளவுதான் பேச்சு. பக்குவம் வந்துருச்சுன்னு நெனச்சேன். அந்த வகையில எனக்கு ஒரு தொந்தரவும் குடுக்காத பிள்ளை.

அப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு. போன வெயில் காலத்துலதான் இந்தத் தோள்பட்டை புடிச்சுக்கிச்சு. இந்தா, கையை இதுக்கு மேல தூக்க முடியாது. ஆஸ்பத்திரியில படம் புடிச்சுப் பாத்துட்டு, தேஞ்சு போச்சு, இனிமே பாரம் தூக்கக் கூடாதும்மான்னுட்டாக. பாரமா? எம் பிள்ளை பாரமான்னு கேட்டேன். அந்த டாக்டரம்மா சீட்டு எழுதிக்கிட்டே வீட்டுக்கு ஒரு ஆள் வச்சுக்கோங்கன்னாக. இப்பதான் ஏஜென்சில சொன்னா வீட்டுக்கே வந்து பாத்துக்கிட ஆள் அனுப்புறாகளே, அப்படி. நாதன் அப்பயே தலையை ஆட்டுனான், வைம்மா வைம்மான்னு.

பெத்தவ கல்லு மாதிரி இருக்கையில கூலிக்கு ஒருத்தி வந்து எம் பிள்ளைக்குக் கால் கழுவி விடணுமா? ஊரு என்ன சொல்லும்? சம்பளத்துக்கு வாறவ சம்பளத்துக்குத்தான பாப்பா? மாட்டேன்னுட்டேன்.

அப்பத்தான் எந் தம்பி பொண்டாட்டி மங்கை ஒரு யோசனை சொன்னா. 'மதினி, ஆள் எதுக்கு? நாதனுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வைங்க. இல்லாத வீட்டுல பொண்ணு கெடைக்காமலா போகும்? நீங்க போன பெறவும் அவனுக்கு ஒரு தொணை ஆச்சுல்லா'ன்னா. அவ சொன்ன அந்தக் கடைசி வார்த்தைதான் தாயி என்னையப் போட்டு ஆட்டிருச்சு. நான் போன பெறவு. ஒவ்வொரு தடவ அவனுக்குச் சோறு ஊட்டையிலயும் அதேதான் நெனப்பு. நான் போனா இந்த வாய்க்கு யாரு ஊட்டுவா? அந்தப் பயம்தான். வேற ஒரு ஆசையும் எனக்குக் கெடையாது.

தரகர்கிட்டச் சொல்லி வச்சோம். கயத்தாறு பக்கம் ஒரு வீடு சொன்னாரு. பொண்ணு பேரு பவளம். ஒரு தடவ கல்யாணம் ஆகி, புருசன் வீட்டுல வேண்டாம்னு அனுப்பி, உறவத் தீத்துக்கிட்டு வந்து அப்பன் வீட்டுல இருக்கா. பிள்ளை இல்ல. கீழ ரெண்டு தங்கச்சி கல்யாணத்துக்கு நிக்குதாக. அப்பனுக்கு இவளை எப்படியாவது தள்ளி விட்டாப் போதும். நமக்குத் தோதான எடம்னு கெளம்பிப் போனோம்.

பொண்ணு பாக்கப் போனா எல்லாரும் பாட்டுப் பாடச் சொல்லுவாக, நடக்கச் சொல்லுவாக. நமக்கு அதெல்லாம் எதுக்கு? அவ காப்பி கொண்டாந்து குடுத்தா. நான் மொகத்தப் பாக்கல தாயி, மணிக்கட்டத்தான் பாத்தேன். நல்ல எலும்பு. வாசல்ல ஒரு அரிசிச் சிப்பம் கெடந்துச்சு, இருபத்தஞ்சு கிலோ மூட்டை. 'ஏம்மா, மழை வாற மாதிரி இருக்கு, அந்தச் சிப்பத்தக் கொஞ்சம் உள்ள எடுத்து வையேன்'னேன். அவ வெளிய வந்து வானத்தப் பாத்தா. ஒரு மேகம் இல்ல. என்னையப் பாத்தா. சேலையத் தூக்கிச் சொருகிட்டு, குனிஞ்சு, முட்டியில பாரம் குடுத்து ஒரே மூச்சுல தூக்கிக் கொண்டுபோயி உள்ள வச்சா. திரும்பி வந்து, 'போதுமா, இன்னொண்ணும் தூக்கணுமா?'ன்னு கேட்டா. வாய்த்துடுக்குதான். ஆனா இடுப்பு புடிக்காமத் தூக்குனா. மங்கைகிட்ட, இவதான் எனக்கு மருமகள்னு சொல்லிட்டேன்.

இல்ல தாயி, நீங்க ஒரு மாதிரியாப் பாக்கீக. நான் வேலைக்காரி தேடல. வேலைக்காரி தேடியிருந்தா ஏஜென்சிக்குப் போன் போட்டிருப்பேனே. மருமகதான் தேடுனேன்.

நாதன்கிட்டச் சொல்லாம இல்ல. சொன்னேன். அவன் என்னமோ பேச ஆரம்பிச்சான். கொஞ்ச நேரம் நின்னு கேட்டேன், வேண்டாம்ங்கிற மாதிரிதான் இருந்துச்சு. வெக்கத்துல எந்தப் பையன்தான் சரின்னு சொல்லுவான்? அடுப்புல சோலி கெடந்துச்சு, போயிட்டேன்.

பெறவு அவுக வீட்டுல இருந்து எங்க வீடு பாக்க வந்தாக. பவளம், அவ அப்பன், தரகரு. அவளும் வருவேன்னு அடம் புடிச்சு வந்தாளாம். நாதனைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வேட்டி சட்டை உடுத்தி நாற்காலியில சாய்ச்சு உக்கார வச்சிருந்தேன். ராசா கணக்கா இருந்தான். அவ அப்பன் வீட்டச் சுத்திப் பாத்தாரு, மில்லப் பாத்தாரு, மாப்பிள்ளையப் பாக்கல. அவ மாப்பிள்ளைய மட்டும்தான் பாத்தா.

நாதன் பேச ஆரம்பிச்சான். இழுத்து, மூச்சு வாங்கி, கழுத்தெல்லாம் நரம்பு பொடைச்சு. எல்லாரும் தரையப் பாத்துக்கிட்டு இருக்காக. அவன் நிறுத்துனதும் நான் சிரிச்சுக்கிட்டே, 'பொண்ணு புடிச்சிருக்குங்கான்'னேன்.

நாதன் நாற்காலியே ஆடுற மாதிரி ஒடம்ப முறுக்குனான் பாருங்க. வெறைச்சுக்கிட்டு, சின்னப் பிள்ளையில கத்துவான்லா, அதே மாதிரி. எத்தனையோ வருசம் ஆச்சு அப்படிக் கத்தி. நான் காப்பி டம்ளரை வச்சுட்டு ஓடுனேன். அந்தப் பவளம் எந்திரிச்சு வந்து அவன் முன்னால தரையில உக்காந்துட்டா. 'நீங்க சொல்லாண்டாம்மா. அவுகளே சொல்லட்டும். எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல'ன்னா.

நான் அப்படியே நின்னேன். அவன் ஒரு வார்த்தை சொல்லுவான், இவ அதைத் திருப்பிச் சொல்லுவா, சரியான்னு கேப்பா. இல்லைன்னா தலையை ஆட்டுவான், இவ மறுபடியும் கேப்பா. காப்பி ஆறிப் போயி ஆடை கட்டிருச்சு. கீழ மில்லு ஒரு மூட்டை மொளகா அரைச்சு முடிச்சு, நெடி மேல வந்து எல்லாரும் தும்முதாக. அவுக ரெண்டு பேரும் பேச்ச நிறுத்தல. கடைசியில அவ எல்லாத்தையும் சேத்து, இதானேன்னு கேட்டுக்கிட்டே சொன்னா.

'எனக்குக் கல்யாணம் வேண்டாம். எங்க அம்மாவுக்கு முடியல. என்னையத் தூக்க ஆள் வேணும். நீங்க ஆளா வாங்க. சம்பளம் கேளுங்க.'

எனக்கு மானமே போச்சு. அவ அப்பன் துண்ட ஒதறிக்கிட்டு எந்திரிச்சாரு. 'எம் மக என்ன வேலைக்காரியா?'ன்னாரு. 'ஐயோ அண்ணாச்சி, அதத்தான நானும் சொல்லுதேன், நாங்க மருமகளாத்தான் கேக்கோம்'னு கையெடுத்துக் கும்பிட்டேன். கேக்கல. தரகரும் பின்னாலயே எறங்கிப் போயிட்டாரு. அவ மட்டும் படியில நின்னு நாதனைத் திரும்பிப் பாத்துட்டுப் போனா.

அன்னைக்கு நான் நாதன்கிட்டப் பேசல. சோறு ஊட்டுனேன், பேசல. அவனும் பேசல. எப்பவும் அவன் பேசுறதில்லைங்கிறதுனால அது ஒண்ணும் புதுசாத் தெரியல.

கொஞ்ச நாள் கழிச்சு அவளா வந்து நிக்கா. தனியா, கையில ஒரு பை வச்சுக்கிட்டு, மில்லு படிக்கட்டுல. 'அம்மா, நான் யோசிச்சுப் பாத்தேன். வேலைக்கு வாறேன்'ங்குறா. 'காலையில வந்து சாயங்காலம் போயிருவேன். ஞாயித்துக்கிழமை வர மாட்டேன். சம்பளம் பேசிக்கிடுவோம்.'

எனக்கு வந்துச்சே கோவம்! 'ஏட்டி, அதே வீடு, அதே வேலை. தாலி கட்டிக்கிட்டு வான்னு கூப்பிட்டேன். அது வேண்டாம், கூலி குடுன்னு வந்து நிக்கியே, வெக்கமா இல்லையா? மருமகளா வந்தா இந்த மில்லு, வீடு எல்லாம் ஒனக்குத்தானட்டி'ன்னேன்.

அவ கோவப்படல. நிதானமாச் சொன்னா. 'அங்கயும் அப்படித்தாம்மா சொன்னாக. தாலி கட்டிக்கிட்டுப் போனேன். மாமியார் படுத்த படுக்கை. கல்யாணத்துக்கு மறுநாள்ல இருந்து அவுகளுக்கு எல்லாம் படுக்கையிலதான், நான்தான் அள்ளுனேன். அவுக கண்ண மூடுற வரைக்கும் நல்ல மருமகள்னாக. மூடுன பெறவு, பிள்ளை இல்லைன்னு அனுப்பிட்டாக. சம்பளம் இல்லாம ஒரு தடவ பாத்தாச்சும்மா. இனிமே பாக்க மாட்டேன்.'

நான் என்ன சொன்னேன்னா, 'அந்த வீடு மாதிரி எங்க வீட்ட நெனச்சியா, வெளிய போயிருட்டி'ன்னேன். போயிட்டா. மேல இருந்து நாதன் கத்துனான். எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டான் போல, திரும்பத் திரும்பக் கத்துனான். கேட்டுச்சு. கதவைச் சாத்திட்டு, மாவு சலிக்க உக்காந்தேன்.

இது எந்த ஊரு? எட்டயபுரமா? நீங்க எறங்கலையே? சரி.

பெறவு அந்த நாள். காலையில குளிக்க வைக்கக் கொண்டுபோனேன். எப்பவும் மாதிரி அக்குளுக்குள்ள கையக் குடுத்துத் தூக்குனேன். தோள்பட்டையில சுளீர்னு ஒண்ணு அடிச்சுச்சு. அவ்வளவுதான், கை விட்டுருச்சு. ரெண்டு பேரும் விழுந்தோம். அவன் நெத்தி வாளியில பட்டுக் கிழிஞ்சிருச்சு. ரத்தமும் சோப்புத் தண்ணியும் ஓடுது. எந்திரிச்சுத் தூக்கிப் பாக்கேன், வழுக்குது. இடது கையால இழுத்துப் பாக்கேன், நகர மாட்டேங்கான். கத்துனேன். கீழ மில்லு ஓடுது, யாருக்குக் கேக்கும்? கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, சேலை முந்தானைய எடுத்து அவன் மேல போத்திட்டு, பக்கத்துலயே ஈரத்துல உக்காந்துட்டேன். மில்லு நிக்கட்டும்னு. என்னைக்கும் மில்லு நிக்காம ஓடணும்னு சாமிக்கு வேண்டுறவ நான். அன்னைக்கு, நின்னு போ, நின்னு போன்னு வேண்டுனேன்.

அவன் பேசுனான். வேற ஒருத்தரும் இல்ல, நான் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதும் இல்ல. அடுப்புல வேலை இல்ல, எந்திரிச்சுப் போகவும் முடியாது. முழுசாக் கேட்டேன். ஒனக்கு அடிபட்டுச்சாம்மான்னு மொதல்ல கேட்டான். இல்லைய்யான்னேன். பெறவு சொன்னான். எனக்குப் பயமா இருக்கும்மா. நீ செத்துப்போயிருவியோன்னு இல்ல. இப்படியே என்னையத் தூக்கித் தூக்கி நீ எம் பக்கத்துல விழுந்து கெடப்ப, நான் பாத்துக்கிட்டே கெடக்கணும். ஒரு போன் எடுத்துப் பேச முடியாது. பேசுனாலும் யாருக்கும் புரியாது. அதான் பயம்னான்.

அதையும் நான் ஒங்ககிட்டச் சுருக்கித்தான் சொல்லுதேன். அவன் இன்னும் நெறையச் சொன்னான்.

நானும் அதே பயத்துலதான தாயி இருந்தேன்? ரெண்டு பேரும் ஒரே பயத்த வச்சுக்கிட்டு, ஒரே வீட்டுல இருந்திருக்கோம். நான் சரின்னுட்டேன். வேற என்ன சொல்ல? அப்பயும் அழுகை வரல. குளுருதுன்னு மட்டும் தெரிஞ்சுச்சு.

கரண்டு போயி மில்லு நின்னுச்சு. கத்துனேன். அய்யாத்துரை ஓடி வந்தாரு. சாக்கு தூக்குற ஆளு, ஒரு கையில அள்ளிட்டாரு. வெத்து ஒடம்பா இருக்கானேன்னு மூஞ்சத் திருப்பிக்கிட்டே தூக்குனாரு. நாதன் சிரிக்கான். நெத்தியில ரத்தம் ஒழுகுது, சிரிக்கான். சிரிக்கிறதுக்கு அதுல என்ன இருக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. அன்னையில இருந்து குளிப்பாட்டுறது அய்யாத்துரைதான். நாதன் கேட்டுக்கிட்டான். காலையில மில்லு தொறக்கு முன்னால மேல வந்து, கதவைச் சாத்திக்கிட்டுக் குளிப்பாட்டி விட்டுட்டுப் போறாரு. கதவைச் சாத்திக்கிடுறாக தாயி. நான் துண்டோட வெளிய நிக்கேன். உள்ள ஏதாவது சத்தம் கேக்கான்னு நிக்கேன். தண்ணிச் சத்தம்தான் கேக்கும்.

விழுந்த அன்னைக்குச் சாயங்காலமே பவளத்துக்குப் போன் போட்டேன். எடுத்தா. நான்தான்னேன். அவ கேட்ட கேள்வி இன்னும் காதுல நிக்கு. 'எதுக்கும்மா கூப்பிடுதீக? மருமகளாவா, வேலைக்கா?'ன்னா.

'வேலைக்கு'ன்னேன்.

'சரி. திங்கக்கிழமை வாறேன்'னுட்டு வச்சுட்டா. நெத்தி எப்படி இருக்குன்னு கேக்கல. கேக்க அவளுக்குத் தெரியாதுல்லா, நான்தான் சொல்லலையே.

வேலை நல்லாத்தான் பாக்கா, குத்தம் சொல்லக் கூடாது. ஆனா எல்லாம் மெதுவா. நான் ஒரு நொடியில ஊட்டிருவேன். இவ தட்டை வச்சுக்கிட்டு, இப்ப எது வேணும், கூட்டா, ரசமான்னு ஒவ்வொரு வாய்க்கும் கேக்கா. அவன் பதில் சொல்ல, சோறு ஆறிப் போகுது. ஆறுன சோத்தச் சிரிச்சுக்கிட்டுத் திங்கான். மீசை வேற வச்சாச்சு. ஆமா, மீசை. அய்யாத்துரைதான் ஒதுக்கி விடுறாரு. அவுக அப்பா மூஞ்சி அப்படியே இருக்கு. எனக்கு நிமுந்து பாக்கக் கூச்சமா இருக்கு, யாரோ ஒரு ஆம்பளை வீட்டுல இருக்க மாதிரி.

பேச்சுன்னா பேச்சு, அப்படிப் பேசுறான். காலையில ஆரம்பிச்சா நிறுத்துறதில்ல. அத்தனையும் எங்க வச்சிருந்தான்னு தெரியல. இவ ஊம் கொட்டிக்கிட்டு, துணி மடிச்சுக்கிட்டு, இதானே சொன்னீக, அதானே சொன்னீகன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. நான் போயி நின்னா, ரெண்டு பேரும் என்னம்மான்னு கேக்காக. ஒண்ணும் இல்லைன்னுட்டு வந்துருவேன். கையில வேலை இல்லாம எனக்கு இருக்கத் தெரியல. அவ கூட்டுன எடத்தத் திரும்பக் கூட்டுதேன். மடிச்ச துணியப் பிரிச்சு மடிக்கேன். அவ பாத்துக்கிட்டே இருந்துட்டு, போன வாரம் சொன்னா. 'அம்மா, எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு. ஒங்களுக்கு ஒரு நாளு லீவு வேணும்லா? வியாழக்கிழமை நீங்க வெளிய போயே ஆகணும். அவுக சொல்லுதாக.'

'அவன் சொல்லுதானா, நீ சொல்லுதியாட்டி?'ன்னேன்.

அவனையே கேளுங்கன்னா. கேட்டேன். அவன் என்னையப் பாத்து, 'போ'ன்னான். ஒத்த வார்த்தை. அவகிட்ட ஊருக் கதையெல்லாம் பேசுறவன், எனக்கு ஒத்த வார்த்தைதான் வச்சிருந்தான்.

அதான் போறேன். கோயிலுக்குப் போகலாம்னு நெனச்சேன், அங்க போனா எல்லாரும் நாதன் எங்க, யாரு பாக்கான்னு கேப்பாக. தம்பி வீட்டுக்குப் போனா மங்கை கேப்பா. பஸ்ஸுன்னா யாரும் கேக்க மாட்டாகன்னு ஏறுனேன். நீங்க கேட்டுட்டீக. பரவால்ல தாயி.

இருங்க, போன் அடிக்கு. அவதான். என்னமோ ஏதோ தெரியலையே. இதுல சத்தமா வைக்க எதை அழுத்தணும்? இதா? கொஞ்சம் அழுத்தி விடுங்க.

ஆங், சொல்லுட்டி. என்னாச்சு? ஒண்ணும் இல்லையா? பேசணும்ங்கானா? நாதனா? எங்கிட்டயா? குடு, காதுல வை. ஏய்யா, அம்மாதான். சொல்லுய்யா.

...

கேக்கலய்யா, வண்டிச் சத்தம். டிரைவரு ஹாரன் அடிக்காரு. ம். ம். சொல்லு, சொல்லு, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

...

ஒண்ணும் வெளங்கலையே தாயி. மூஞ்சியப் பாத்தா வெளங்கிரும். வாயப் பாத்தா வெளங்கிரும். போன்ல அவன் எங்கூடப் பேசுனதே இல்ல, நான் எங்க போனேன், போன்ல பேச? முடிச்சுட்டானா? ஏட்டி பவளம், என்ன சொல்லுதான்? மெதுவா வரச் சொல்லுதானா? சரி. சாப்பிட்டீகளான்னு கேக்கானா? சாப்பிடுதேன்னு சொல்லு. வேற?

வேற என்ன சொன்னான்?

அவ்வளவுதானா? இல்லட்டி, நெறையப் பேசுனானே. நடுவுல மூச்சு வாங்கி, திரும்ப ஆரம்பிச்சானே, அது என்ன? நீ முழுசாச் சொல்லு. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. ஏட்டி, அலோ. அலோ.

சிக்னல் போச்சா, அவளே வச்சுட்டாளான்னு தெரியல. மெதுவா வாங்க, சாப்பிட்டீகளா, அவ்வளவுதானாம். நீங்க பக்கத்துலதான இருந்தீக தாயி, ஒங்க காதுலயும் விழுந்துச்சுல்லா? எவ்வளவு நேரம் பேசுனான், நீங்களே சொல்லுங்க.